குளூட்டன் இல்லாத டாக்கோ கடையில் அலர்ஜிக்காரர்கள் சாப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் "எங்கள் சமையலறையில் குளூட்டன் கிடையாது" என்று பலகை வைத்த டக்கேரியாக்கள், அதாவது மெல்லிய ரொட்டியில் கறியோ பீன்ஸோ வைத்து மடித்துத் தரும் டாக்கோ கடைகள், ஆங்காங்கே இருக்கின்றன. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள புரதம். கோதுமை ஆகாதவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்குச் சீலியாக், அதாவது குளூட்டனால் குடல் கெடும் நோய். இன்னொருவருக்கு நிலக்கடலையும் எள்ளும் ஆகாது. முதல் ஆளுக்கு அந்தப் பலகையைப் பார்த்தாலே பசி எடுக்கும். இரண்டாவது ஆளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால், அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விசாரிக்க வேண்டும்.

ஏன் என்றால், மெக்சிகோவின் குழம்புகள் பலவற்றுக்கும் கெட்டித்தன்மை தருவது அரைத்த விழுதுதான். பழைய ரொட்டி, டோர்ட்டியா (மக்காச்சோளத்திலோ கோதுமையிலோ சுடும் மெல்லிய ரொட்டி), நிலக்கடலை, பாதாம், எள், பூசணி விதை, மக்காச்சோள மாவு என்று அந்த விழுதில் எதுவும் இருக்கலாம். கோதுமை ரொட்டியை வெளியே எடுத்துவிட்டால் மீதி வேலையைக் கடலையும் விதைகளும்தான் பார்க்க வேண்டும். கோதுமை டோர்ட்டியாவுக்குப் பதிலாகப் பாதாம் மாவு டோர்ட்டியா தரும் இடங்களும் உண்டு. ஆகவே பலகை பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு. மற்ற கேள்விகளை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே, யாரிடம், எப்படிக் கேட்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: உங்களுக்கு எது ஆகாது என்பதைச் சரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

சீலியாக் என்பது அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய் அது. துணுக்கு அளவு போதும். ஆனால் மூச்சடைத்து விழ மாட்டார்கள். வயிற்றுவலி, சோர்வு எல்லாம் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரும். சிலருக்கு வெளியே எதுவும் தெரியாமல் குடல் மட்டும் பாதிக்கப்படும். கோதுமை அலர்ஜி வேறு. அதில் சில நிமிடங்களிலேயே உடம்பு தடிக்கலாம், தொண்டை வீங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பார்லி அவர்களில் பலருக்குப் பிரச்சினை செய்யாது, சிலருக்குச் செய்யலாம்.

அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் கொண்டுவந்த விதிப்படி, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டில் குளூட்டன் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். உணவகத்துப் பலகையும் இதே பொருளில் இருக்க வேண்டும் என்றுதான் அந்த நிர்வாகம் எதிர்பார்க்கிறது. ஆனால் உங்கள் தட்டை யாரும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போவதில்லை. "குளூட்டன் ஃப்ரெண்ட்லி" என்று எழுதியிருந்தால், அதே சமையலறையில் கோதுமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற அலர்ஜிகளுக்குச் சட்டம் இன்னும் குறைவாகவே உதவுகிறது. அமெரிக்கச் சட்டம் ஒன்பது பொருள்களைப் பெரிய அலர்ஜிப் பொருள்களாக வைத்திருக்கிறது: பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, மரக்கொட்டைகள் (பாதாம், வால்நட் போன்றவை), நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். எள் கடைசியாக 2023 ஜனவரியில் சேர்ந்தது. இதுவும் பாக்கெட் உணவின் லேபிளுக்குத்தான். கல்லாவில் ஆர்டர் எடுத்துத் தட்டில் போட்டுத் தரும் டாக்கோவுக்கு, நாடு முழுக்கப் பொருந்தும் அப்படி ஒரு லேபிள் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் 2014 டிசம்பரிலிருந்து உணவகங்களும் 14 பொருள்களைப் பற்றித் தகவல் தந்தாக வேண்டும். அங்கே சாப்பிட்டுப் பழகியவர்கள் அதே எதிர்பார்ப்போடு டெக்சாஸில் போய் உட்கார வேண்டாம்.

படி 2: மெனுவை ஊர்வாரியாகப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மெக்சிகன் உணவு என்று பொதுவாக ஒன்று கிடையாது. கடைக்காரர் எந்த ஊர்ச் சமையலைச் செய்கிறார் என்று தெரிந்தாலே, எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும். பெரும்பாலான கடைகள் ஊர்ப் பெயரை மெனுவிலேயே பெருமையாகப் போட்டிருக்கும்.

புவெப்லா என்று இருந்தால் மோலே போப்லானோ இருக்கும். காய்ந்த மிளகாய்கள், பாதாம், நிலக்கடலை, எள், உலர்திராட்சை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் சாக்லெட் சேர்த்து அரைத்த கருஞ்சிவப்புக் குழம்பு. ரொட்டியும் டோர்ட்டியாவும் சேர்ப்பது வழக்கம். குளூட்டன் இல்லாத கடையில் ரொட்டியை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். மேலே எள்ளும் தூவுவார்கள். நிலக்கடலை, மரக்கொட்டை, எள் மூன்றில் எது ஆகாவிட்டாலும் இந்தப் பக்கமே போக வேண்டாம். "என் பங்குக்கு மட்டும் கடலை போடாதீர்கள்" என்று கேட்கவும் வழியில்லை, குழம்பு முந்தின நாளே அண்டாவில் ஆகியிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் இதே ஊர்க்காரர்கள் சிலே என் நொகாதா செய்வார்கள்: பொப்லானோ மிளகாய்க்குள் இறைச்சியும் பழமும் அடைத்து, மேலே வால்நட் அரைத்த வெள்ளைக் குழம்பு, மாதுளை முத்துகள். பார்க்க அழகு. வால்நட், பால் இரண்டும் நிச்சயம். முட்டை நுரையில் தோய்த்துப் பொரித்திருந்தால் முட்டையும் சேரும்.

வஹாக்கா என்றால் ஏழு மோலே என்பார்கள். இங்கே ஒரு நல்ல செய்தி. கறுப்பு மோலேயில் கொட்டைகளும் எள்ளும் இருக்கும். ஆனால் மஞ்சள் மோலேயும், வஹாக்கா முறையில் செய்யும் பச்சை மோலேயும் வழக்கமாக மக்காச்சோள மாவைக் கரைத்து ஊற்றியே கெட்டியாக்கப்படுகின்றன. கடலை ஆகாதவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான். கவனிக்க: பச்சை மோலே என்ற அதே பெயரில் மற்ற ஊர்க்காரர்கள் பூசணி விதை அரைத்துச் செய்வார்கள். எந்த ஊர்ப் பச்சை என்று கேளுங்கள்.

இதே வஹாக்கா மெனுவில் இறால் அலர்ஜிக்காரர்களுக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு கண்ணி உண்டு: சப்புலினேஸ், அதாவது வறுத்த வெட்டுக்கிளி. இறாலின் தசையில் அலர்ஜி தரும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் பூச்சிகளிலும் இருக்கிறது. இறால் ஆகாதவருக்கு வெட்டுக்கிளியும் ஆகாமல் போகலாம். அதை டாக்கோவாகத்தான் தருவார்கள் என்றில்லை. பீன்ஸ் மேலே, குவாக்கமோலே என்ற அவகாடோ மசியல் மேலே தூவியும் வரும். மெஸ்கால் மதுவோடு ஆரஞ்சுத் துண்டின் மேல் செந்நிற உப்பு ஒன்று வைப்பார்கள். அது கற்றாழைப் புழுவைக் காயவைத்து மிளகாயோடு அரைத்த உப்பு. உப்புதானே என்று நக்கிவிட வேண்டாம். உலர்ந்த இறாலும் வஹாக்காவின் கடலோரச் சமையலில் தாராளமாக வரும்.

யுகடான் கடை கடலை ஆகாதவர்களுக்குக் கொஞ்சம் எளிது. கொச்சினிதா பிபில் என்பது சிவப்பு நிறம் தரும் அச்சியோத்தே விதை, புளிப்பு ஆரஞ்சுச் சாறு, பூண்டு, மிளகு தடவி வாழையிலையில் சுற்றி வேகவைத்த பன்றிக்கறி. மேலே ஊறவைத்த சிவப்பு வெங்காயம். கோதுமையோ பாலோ கொட்டையோ இயல்பாகவே கிடையாது. கடையிலேயே அரைத்த அச்சியோத்தேயா, வாங்கிய கட்டியா என்பதை மட்டும் கேளுங்கள்; வாங்கியது என்றால் லேபிள் பார்க்க வேண்டும். இந்த ஊர் மெனுவில் ஒதுக்க வேண்டியது பூசணி விதைதான்: சிகில் பாக் என்ற தொட்டுக்கொள்ளும் விழுது, பாப்பாட்சூலேஸ் என்ற முட்டை வைத்த டோர்ட்டியாச் சுருள் இரண்டிலும் அதுவே அடிப்படை. பூசணி விதை அமெரிக்காவின் ஒன்பதில் வராததால், கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

பாஹா கலிபோர்னியாவின் மீன் டாக்கோ, என்செனாடா துறைமுகத்து முறையில், கோதுமை மாவும் பீரும் கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்தது. குளூட்டன் இல்லாத கடையில் அரிசி மாவோ மக்காச்சோள ஸ்டார்ச்சோ வைத்துச் செய்வார்கள், நன்றாகவே மொறுமொறுப்பாக வரும். ஆனால் மீனும் இறாலும் ஒரே எண்ணெயில் வேகும். மேலே ஊற்றும் வெள்ளைச் சாஸில் மயோனைஸ், அதாவது முட்டை. கூடவே பால் கிரீமும் இருக்கலாம். சில இடங்களில் மாவில் கடுகும் சேர்ப்பார்கள்.

சினலோவாவின் அகுவாசிலேயில் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய, வேகவைக்காத இறால். அதன் கறுப்பு வகைகளில் சோயா சாஸ், வூஸ்டர்ஷைர் சாஸ், மேகி சீசனிங் எல்லாம் விழும். அந்த மேகித் திரவத்தில் கோதுமை உண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருக்கிறது என்று தெரிந்துகொண்ட சீலியாக்காரர்களுக்கு இந்த அதிர்ச்சி புதிதாக இருக்காது. குளூட்டன் இல்லாத கடை, கோதுமை சேராத தமாரி சோயா சாஸை வைத்துச் சமாளிக்கும். கோதுமை போய்விட்டது, சோயா அப்படியே இருக்கிறது. வூஸ்டர்ஷைரில் நெத்திலி இருக்கும் என்பதை மீன் அலர்ஜிக்காரர்கள் நினைவில் வைக்கவும்.

ஹலிஸ்கோவின் பிர்ரியா ஆட்டுக்கறிக் குழம்பு. டிஹுவானா வழியாகப் பிரபலமானது மாட்டுக்கறி. அந்தச் சிவப்புக் கொழுப்பில் டோர்ட்டியாவைத் தோய்த்து, கல்லில் போட்டு, சீஸ் தூவி மடிக்கும் கேசபிர்ரியா இருக்கும் கடையில் பால் ஆகாதவர்கள் கல்லைப் பார்த்துத்தான் ஆர்டர் செய்ய வேண்டும். உருகிய சீஸ் கல்லெங்கும் ஒட்டியிருக்கும். மிச்சோவகானின் கார்னிதாஸ், பன்றியை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைப்பது. சிலர் பாலோ கோலாவோ பீரோ சேர்ப்பார்கள், அதனால் ஒரு கேள்வி போதும். வடக்கே சொனோரா கோதுமை டோர்ட்டியாவின் ஊர். அந்த ஊர்ப் பெயரோடு குளூட்டன் இல்லாத கடை ஒன்று இருந்தால், மாற்று மாவு என்ன, பாதாமா, மரவள்ளியா, கொண்டைக்கடலையா என்பதே முதல் கேள்வி.

வெராக்ரூஸைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த மாநிலத்துச் சல்சா மாச்சா (சல்சா என்றால் காரச் சட்னி), காய்ந்த மிளகாயையும் நிலக்கடலையையும் எள்ளையும் எண்ணெயில் பொரித்து நொறுக்கியது. இன்று எந்த ஊர்ச் சமையல் கடையானாலும் மேசைமேல் ஒரு குட்டிச் சாடியில் இருக்கலாம். மோலே இல்லாத கடை, கடலையே வாங்காத கடை என்று நினைத்து உட்காரும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கக்கூடும்.

படி 3: டோர்ட்டியா எங்கிருந்து வருகிறது?

நல்ல கடையில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, கழுவி, கல்லில் அரைத்து மாசா என்ற மாவாக்குவார்கள். இதில் மக்காச்சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை. மக்காச்சோளப் புரதம் சீலியாக்காரர்களைத் தொந்தரவு செய்வதில்லை.

வெளியிலிருந்து வாங்குகிறார்கள் என்றால் இரண்டு கேள்வி. அந்த ஆலையில் கோதுமை டோர்ட்டியாவும் ஓடுகிறதா? மடித்தால் உடையாமல் இருக்கக் கோதுமை மாவு கலந்திருக்கிறதா? பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. மக்காச்சோளமே ஆகாதவர்களுக்கு மட்டும் நேர்மையாகச் சொல்கிறேன்: இந்தக் கடை வேண்டாம். மாவு கை, கல், காற்று எல்லாவற்றிலும் இருக்கும்.

படி 4: போன் செய்யுங்கள், ஆனால் நேரம் பார்த்து

மதியக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணிவாக்கில் பேசுங்கள். அந்த நேரத்தில்தான் சமையல் பொறுப்பாளர் போனுக்கு வருவார். "அலர்ஜிக்கு ஏற்பாடு உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "உண்டு" என்றே பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். சமையலறைக்குள் கோதுமை எந்த வடிவிலாவது வருகிறதா, பணியாளர்களின் சாப்பாடு உட்பட? பீர் ஊற்றிச் சமைக்கும் பீன்ஸ், இறைச்சி உண்டா? எந்தெந்தச் சல்சாவில் கடலை, எள்? மிக்ஸி ஒன்றா, தனித்தனியா?

மிக்ஸியைப் பற்றிய கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. மோலே அரைத்த ஜாடியைச் சும்மா அலசிவிட்டுத் தக்காளிச் சல்சா அரைத்தால், மெனுவில் கடலை என்று எழுதாத சல்சாவில் கடலை இருக்கும். இதற்கு யோசித்துப் பதில் சொல்கிறவர் இருக்கும் கடைக்குப் போகலாம். "ஒன்றும் ஆகாது, வாருங்கள்" என்று உடனே சொன்னால் நான் வேறு கடை பார்ப்பேன்.

படி 5: உட்காரும் முன் ஒரு நோட்டம்

டக்கேரியாவில் ஒரு வசதி, சமைப்பது பெரும்பாலும் கண்ணெதிரே நடக்கும். இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் போதும். டாக்கோ போடுகிறவர் இடது உள்ளங்கையில் டோர்ட்டியாவை ஏந்துவார், வலது கையால் கல்லிலிருந்து கறியை வாரி வைப்பார், அதே விரல்களால் வெங்காயம்-கொத்தமல்லி தூவுவார், அப்புறம் அடுத்த டோர்ட்டியா. நடுவில் ஒரு கேசபிர்ரியாவுக்காகச் சீஸ் டப்பாவுக்குள் கை போய் வரும். கையுறை இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. சீஸ் பட்ட கையுறை சீஸ் பட்ட கைதான். கறி நறுக்கும் வட்டப் பலகை பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதில் எல்லாக் கறியும் வெட்டுப்படும்.

அடுத்து எண்ணெய்ச் சட்டி. சிப்ஸ், மீன், இறால், சுர்ரோ என்ற பொரித்த இனிப்பு எல்லாம் ஒரே சட்டியா? குளூட்டன் இல்லாத கடையில் கோதுமைக் கவலை இல்லைதான், ஆனால் இறால்காரருக்குச் சிப்ஸ்கூட இறாலாகிவிடும். எண்ணெயின் சூட்டில் எல்லாம் அழிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை.

சல்சா மேசையை நான் நம்புவதே இல்லை. ஐந்தாறு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, முன்னால் வந்தவர் கரண்டியை மாற்றிப் போட்டிருப்பார். அதைவிட முக்கியமானது, நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. கிரீம் போல வழவழவென்று இருக்கும் ஆரஞ்சு நிறச் சல்சா, பூண்டையும் மிளகாயையும் எண்ணெய் விட்டு அடித்ததாக இருக்கலாம். அதில் பாலே இருக்காது. பக்கத்துக் கடையில் அதே நிறம் நிலக்கடலையிலிருந்து வந்திருக்கும். இளம்பச்சை நீர்த்த சல்சாவில் அவகாடோ இருக்கும். விலை ஏறிய காலத்தில் அதே பச்சையைச் சுரைக்காய்க் குடும்பத்துச் சுக்கினியில் கொண்டுவருகிறவர்களும் உண்டு. ரப்பர் அலர்ஜி உள்ள சிலருக்கு அவகாடோவும் ஆகாது என்பதால் இது வெறும் சுவாரசியத் தகவல் இல்லை. பொது மேசையை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து புதுக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள்.

உட்கார்ந்ததும் மேசையை நீங்களே ஈரத் துடைப்புத்தாளால் துடையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும். கடலைப் புரதத்தை அகற்றாது.

படி 6: சொல்லும் முறை

கல்லாவில் இருப்பவர் கல்லூரி மாணவராக இருக்கலாம், சமையல்காரர் ஸ்பானிய மொழி மட்டும் பேசுகிறவராக இருக்கலாம். எழுதிக் கொடுத்தால் இருவருக்கும் புரியும். ஒரு சீட்டில் உங்களுக்கு ஆகாத பொருள்களை ஸ்பானிய மொழியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். "தெங்கோ அலெர்ஹியா அல் ககவாத்தே" என்றால் எனக்கு நிலக்கடலை அலர்ஜி. எள் என்பது "அஹொன்ஹொலி", இறால் "கமரோன்", பால் "லெச்சே", முட்டை "வேவோ", கோதுமை "த்ரிகோ".

இதில் வழுக்கும் இடங்கள் சில. மெக்சிகோக்காரரிடம் "நுவெஸ்" ஆகாது என்றால் அவர் மனதில் வருவது பீக்கன் கொட்டை. பாதாமையும் வால்நட்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டும்: "அல்மேந்த்ரா", "நுவெஸ் தே கஸ்தியா". "மன்தேகியா" வெண்ணெய், "மன்தேகா" பன்றிக்கொழுப்பு. பால் அலர்ஜிக்காரர் இரண்டாவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆனால் நம்மூர்ச் சைவக்காரர்கள் பயப்படலாம். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், சிவப்பு அரிசிச் சோற்றில் கோழிச்சாறும் வெகு சாதாரணம். பீன்ஸ் டாக்கோ சைவம்தானே என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தமிழர்கள் கலிபோர்னியாவில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

பேசும்போது "பிடிக்காது", "தவிர்க்கிறேன்" என்ற சொற்கள் வேண்டாம். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆரம்பிப்போம்: "வணக்கம், என் மகளுக்கு நிலக்கடலையும் எள்ளும் பட்டால் மூச்சு அடைக்கும். கார்னிதாஸ் டாக்கோ தர முடியுமா? கல்லைச் சுரண்டி, புதுக் கையுறை, புது இடுக்கி. முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்." கடைசி வாக்கியம்தான் வேலை செய்யும். முடியாது என்று சொல்ல வழி கொடுத்தால்தான் உண்மையான பதில் கிடைக்கிறது. பதிலைச் சமையல்காரர் வாயிலிருந்தே கேளுங்கள். கல்லாவில் இருப்பவர் உள்ளே போய்க் கேட்டு வருவதற்காகக் காத்திருப்பது நல்லதுதான், பின்னால் நிற்பவர்கள் முறைத்தாலும் பரவாயில்லை.

படி 7: ஆர்டர்

பொருள்கள் குறைந்த டாக்கோவே பாதுகாப்பு. மெக்சிகோ நகரத்தில் 1968 முதல் இருக்கும் எல் கலிஃபா தே லியோன் என்ற குட்டிக் கடைக்கு 2024-இல் சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அங்கே டாக்கோ நாலே வகை. புகழ்பெற்ற கவோனேரா டாக்கோ என்பது மெல்லிய மாட்டுக்கறித் துண்டு, உப்பு, எலுமிச்சை, சுடச்சுட மக்காச்சோள டோர்ட்டியா. சல்சாவை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். அது அலர்ஜிக்காரர்களுக்கான கடை என்று சொல்லவில்லை. குறைந்த பொருளில் சுவை குறையாது என்பதற்காகச் சொன்னேன்.

கடலை, எள், கொட்டை ஆகாதவர்கள்: கல்லில் வாட்டிய கறி அல்லது கொச்சினிதா, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. சல்சா வேண்டுமென்றால், கையால் நறுக்கிய தக்காளி-வெங்காயப் பிக்கோ தே காயோ. அது மிக்ஸி பக்கமே போவதில்லை.

பால் ஆகாதவர்கள்: கேசபிர்ரியா ஓடும் கல்லிலிருந்து எதுவும் வேண்டாம். சட்டியில் வேகும் கறி வகைகள், கார்னிதாஸ் பால் சேராததாக இருந்தால் அது, கிண்ணத்தில் பிர்ரியா. "சீஸ் இல்லாமல்" என்று சொன்னால் கிரீம் வந்துவிடும், இரண்டையும் சொல்லுங்கள்.

இறால், மீன் ஆகாதவர்கள் எண்ணெயில் பொரித்த எதையும் தொடாமல், வெட்டுக்கிளி, புழு உப்பு இரண்டையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். தவக்காலத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் ரொமெரிதோஸ் என்ற கீரை-மோலே மெனுவில் வந்தால், அதில் உலர் இறால் வடை இருக்கும்.

சீலியாக் மட்டும் என்றால், உண்மையிலேயே கோதுமை நுழையாத சமையலறையில் நீங்கள் ராஜா. மெனுவில் இருப்பதைச் சாப்பிடுங்கள். கோதுமை நுழையும் கடையாக இருந்தால் சோரிசோ என்ற காரத் தொத்திறைச்சி, தாவர இறைச்சி, வாங்கிய சூப் பொடி, பீரில் ஊறிய கறி ஆகியவற்றை விசாரிக்காமல் தொடாதீர்கள். தாவர இறைச்சியில் பல வகை கோதுமைப் புரதமேதான்.

படி 8: குடிக்க, இனிப்புக்கு

செம்பருத்திச் சாறும் புளிச் சாறும் வம்பில்லாதவை. ஓர்ச்சாட்டா அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்தது. சிலர் பாதாம் சேர்ப்பார்கள், பலர் பால் சேர்ப்பார்கள். பீரில் பார்லி. மிச்செலாடாவில் பீரோடு மேகி, வூஸ்டர்ஷைர், சில சமயம் சிப்பிச்சாறு கலந்த தக்காளி ஜூஸ் வேறு. டெக்கீலாவும் மெஸ்காலும் கற்றாழை இனத்திலிருந்து வருவதால் குளூட்டன் பயமில்லை. மெக்சிகன் சாக்லெட் பானத்தில் சாக்லெட் எந்தக் கம்பெனி என்று கேளுங்கள், பாதாம் சேர்த்தவை உண்டு.

இனிப்பில் ஃப்ளான் என்றால் பாலும் முட்டையும். கல்லாப் பக்கத்தில் ரோஜாப்பூப் படம் போட்ட வட்டமான மசபான் மிட்டாய் இருக்கும். அது முழுக்க நிலக்கடலை, தொட்டாலே உதிரும். குழந்தையைக் கல்லாவுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

படி 9: ஏதாவது ஆகிவிட்டால்

கடும் அலர்ஜிக்கான அவசர மருந்தான எபிநெஃப்ரின் ஊசி இரண்டு கையோடு இருக்க வேண்டும், காரில் இல்லை. கார் வெயிலில் மருந்து கெட்டுவிடும். மூச்சுத்திணறல், தொண்டை இறுக்கம், தலைசுற்றல், தோல் தடிப்போடு வாந்தி என்று வந்தால் முதலில் ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில், உடை மேலேயே போடலாம். பிறகு 911, அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அதே எண். படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்காரவைக்கலாம், ஆனால் எழுந்து நடக்கவிடாதீர்கள். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இரண்டாவது ஊசி. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும். ஊசிக்குப் பதில் ஆகாது. சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம்.

நான் ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறேன்: கழிப்பறைக்குத் தனியாகப் போகவிடுவதில்லை. தொண்டை ஒரு மாதிரி இருக்கிறது என்று வெட்கப்பட்டு எழுந்து போகிறவர்கள், யாரும் பார்க்காத இடத்தில் போய் மயங்கிவிடுகிறார்கள்.

சீலியாக்காரருக்கு ஊசி கிடையாது. தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள், சாப்பிட்டதைக் குறித்து வையுங்கள், அறிகுறி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். குளூட்டனைச் செரிக்கவைக்கும் என்று விற்கும் மாத்திரையை நம்பிக் கோதுமைக் கடையில் சாப்பிட வேண்டாம்.

படி 10: அடுத்த தடவை

நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தால், அன்று சமைத்தவர் பெயர், கிழமை, சாப்பிட்ட வகைகள் ஆகியவற்றை போனில் குறித்துக்கொள்ளுங்கள். அதே கடைக்கு அதே நேரத்தில் போனால் அதே ஆள் கிடைப்பார். ஆனாலும் கேள்விகளைத் திரும்பவும் கேட்க வேண்டும். டோர்ட்டியா வாங்கும் ஆலை மாறும், சோரிசோ பிராண்டு மாறும், மோலே இல்லாத கடையில் வார இறுதி ஸ்பெஷலாக மோலே வரும். மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொன்னால், சல்சாவை நீங்களே பெயர் எழுதித் தனி டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எந்தச் சிவப்பு எது என்று யாருக்கும் தெரியாது.